ரெண்டு மதில் கார்டு

பயப்படாதீங்க சார், விழாது. கரண்ட் போயிருக்கு, அவ்வளவுதான். காலையில இருந்து இது மூணாவது தடவைங்க. ஜெனரேட்டர் போட்டுருவாங்க. நீங்க மூணாவது மாடி பல் டாக்டர்கிட்ட இருந்துதானே ஏறுனீங்க? பல்லு புடுங்கிட்டாங்களா? அய்யய்யோ, பேசாதீங்க பேசாதீங்க! பஞ்சைக் கடிச்சுட்டு அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே. தலையை மட்டும் ஆட்டுங்க, போதும். என் சம்சாரத்துக்குக் கடவாப்பல்லு எடுத்தப்போ அவளும் இப்படித்தான் கன்னத்தைப் புடிச்சுட்டு, கண்ணாலயே என்னைத் திட்டிட்டு வந்தா.

மணி மூணு அஞ்சு. பரவால்ல, நேரம் இருக்கு. எனக்கு மூணரைக்கு ஃபைனல்ங்க, நாலாவது மாடியில. பத்து நிமிஷம் வரைக்கும் பாப்பாங்க. மூணு நாப்பது ஆச்சுன்னா, வராதவன் தோத்தவன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பாங்க. அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு ஓடி வந்துரலாம்னுதான் கீழ எறங்குனேன். பாருங்க, ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல தொங்கிட்டு நிக்கிறோம்.

என்ன பாக்குறீங்க? பையா? டீ குடிக்கப் போறவன் பையும் ஹெல்மெட்டுமா எதுக்குப் போறான்னா? கார்டெல்லாம் இதுலதான் இருக்குதுங்க. வெச்சுட்டு வந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். ஹெல்மெட் வந்து, ஒரு இடத்துல வெச்சா மறந்துருவேன். ஆமாங்க, மேலயும் டீ வெச்சிருக்காங்க. அது நூலு கட்டித் தொங்க விடுற டீங்க, அதை மனுசன் குடிப்பானா?

சீட்டாட்டம்னு நெனச்சுடாதீங்க. காசு வெச்சு ஆடுறதில்ல. இது ட்ரேடிங் கார்டு, எம்பர்கேட்னு பேரு. ஆளுக்கு நாப்பது கார்டு, ஆளுக்கு இருபது உயிர். உங்க நாப்பது கார்டை நீங்களே பாத்துப் பாத்துச் சேர்த்து ஒரு கட்டு கட்டணும். டெக்குன்னு சொல்லுவோம். கார்டுல மிருகம் இருக்கும், வீரன் இருப்பான், நெருப்பு இருக்கும். எதிராளியோட இருபது உயிரையும் எடுத்துட்டா நீங்க ஜெயிச்சீங்க. கோயமுத்தூர்ல மட்டும் ஒரு நூறு பேர் ஆடுறாங்க. அவங்கள்ல முப்பத்திரண்டு பேர் காலையில வந்தாங்க. இப்போ மிச்சம் ரெண்டே பேரு. ஒருத்தன் ஹர்ஷத்துன்னு காலேஜ் படிக்கிற பையன். இன்னொருத்தன் உங்க முன்னாடி வேர்த்துட்டு நிக்கிறானே, பூபதி, கோபிச்செட்டிபாளையம், அவன்தான்.

அந்தப் பையன் டெக்கு முப்பதாயிரம் ரூபாய்ங்க. அவங்க அப்பா சிங்கப்பூர்ல இருந்து அனுப்பறாரு. என்னுது ஐநூத்திச் சொச்சம், பிளாஸ்டிக் உறையோட சேர்த்து. மேல அந்தக் கார்டுக் கடையில ஒரு மூலையில யாரும் சீண்டாத கார்டெல்லாம் அட்டைப்பெட்டியில கொட்டி வெச்சிருப்பாங்க, எது எடுத்தாலும் பத்து ரூபாய். அந்தப் பெட்டிக்குள்ள தலையை விட்டுப் பொறுக்குனதுதான் என் படை. குட்டி நரி நாலு. பந்தக்காரன் நாலு, தீப்பந்தம் வீசுவான். வெறிநாய் நாலு. கார்டுல இங்கிலீஷ் பேருதான். வீட்ல நானும் சங்கவியும் தமிழ்ல பேரு வெச்சுட்டோம்.

சங்கவி என் சம்சாரங்க.

இந்த மாதிரி மலிவு டெக்குக்கு ஒரே ஒரு வழிதான். அடிச்சுட்டே போகணும். பெரிய கார்டெல்லாம் இறங்க நேரமெடுக்கும். அவன் ராஜாவும் டிராகனும் எழுந்து வர்றதுக்கு ஏழு சுத்து ஆகும். நம்ம நரியும் நாயும் மொத சுத்துலயே பாஞ்சுரும். அஞ்சாவது சுத்து, மிஞ்சிப்போனா ஆறாவது சுத்துக்குள்ள ஆளை முடிச்சுரணும். ஏழாவது சுத்தை அவன் பாத்துட்டான்னா நாம மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம். அதனால தடுக்கறதுங்கற பேச்சே கூடாது. கையில இருக்கறதை எல்லாம் இறக்கணும். ஒண்ணைக்கூட அப்புறம் ஆகும்னு மிச்சம் வெக்கக் கூடாது. இதுதாங்க என் ஸ்டைல். இங்க எனக்குப் பேரே 'அடிதடி பூபதி'தான். கடைக்காரர் ஜோயல் மைக்குல அப்படித்தான் கூப்பிடுவாரு.

பெல்லா? அமுக்கலாம்ங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம், வாட்ச்மேன் சாப்பிட்டுட்டுப் படுத்திருப்பாரு, பாவம். கொஞ்ச நேரம் பாப்போம்னு... சரி சரி, அமுக்குங்க. நல்லா அமுக்குங்க. கேக்குதான்னு தெரியல.

கோபியில எனக்கு என்ன வேலைன்னா, மாமனார் கடையைப் பாத்துக்கறேன். டைல்ஸ், வாஷ்பேசின், டாய்லெட் ஐட்டம், பைப்பு. நாச்சிமுத்துன்னா கோபியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கீழ கடை, மேல வீடு. நான் சொந்தமா கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருந்து மூடுனப்போ, "ஆறு மாசம் இங்க வந்து இருங்க மாப்ளை, அப்புறம் பாத்துக்கலாம்"னாரு. ஆறு மாசத்துக்கு வந்தவன்தான். வர்ற ஆவணி வந்தா நாலு வருசம்.

கெட்டவர்னு சொல்ல முடியாதுங்க. அதுதான் என் தலையெழுத்தே. ஒரு நாள் திட்டுனது கிடையாது. நான் கீழ கடையைச் சாத்திட்டு மேல வர்ற வரைக்கும் சோத்துல கை வெக்க மாட்டாரு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "மாப்ளை இல்லீன்னா எனக்குக் கையொடிஞ்ச மாதிரி"ம்பாரு. ஒரு நாள் நான் சினிமாவுக்குப் போகலாம்னு சட்டையை மாட்டுனா, "போயிட்டு வாங்க மாப்ளை, நான் பாத்துக்கறேன், முட்டிவலிதான் கொஞ்சம்"ம்பாரு. நீங்களே சொல்லுங்க, போக முடியுமா? சட்டையைக் கழட்டி மாட்டிட்டு உக்காந்துருவேன். திட்டுனாப் பரவால்லைங்க. திட்டுனா ஒரு கோவத்துல எழுந்து போயிரலாம். இவரு வாசல்ல நின்னு சிரிச்சுட்டே இருக்காரு, எப்படிங்க தாண்டுறது? ராத்திரி படுத்தா நெஞ்சு மேல யாரோ ஒரு பெட்டி டைல்ஸ் எறக்கி வெச்ச மாதிரி இருக்கும். நெசமாத்தாங்க சொல்றேன். மூச்சு முட்டும்.

இங்க என்னங்க, காத்தே வரமாட்டேங்குது. மேல அந்த ஃபேன் ஓட்டை வழியா வரும், பயப்படாதீங்க. மூணு பதினாலு.

சங்கவி எம்எஸ்சி கெமிஸ்ட்ரி. படிச்சுட்டு அப்பா கடைக்குப் பில்லு போட்டுட்டு இருந்தா. போன ஐப்பசியில ஓசூர்ல ஒரு மருந்துக் கம்பெனிக்கு எழுதிப் போட்டா, லேப்ல வேலை. எனக்கே தெரியாது. கெடைச்சுருச்சு. ரெண்டு பேரும் போயிரலாம், எனக்கும் அங்க எதாவது கெடைக்கும்னா. எனக்கு அன்னிக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுங்களா! மொட்டை மாடியில அவளைத் தூக்கிச் சுத்துனேன். "உங்கப்பாகிட்ட நான் பேசறேன்"னு நான்தான் சொன்னேன். அவ பேசறேன்னுதான் சொன்னா. நான்தான், நீ இரு, இது ஆம்பளை பேசற விசயம்னு சொன்னேன்.

தீபாவளி யாவாரம் முடியட்டும்னு பாத்தேன். அப்புறம் மார்கழி, நல்ல காரியம் பேசக் கூடாது. தையில அவருக்குக் கண்ணு ஆபரேசன். கம்பெனிக்காரன் ரெண்டு தடவை தேதி தள்ளிக் கொடுத்தான். இனிமே தள்ள மாட்டானாம். வர்ற புதன்கிழமை போய்ச் சேரணும், இல்லீன்னா வேற ஆளைப் போட்டுருவான். இன்னிக்கு ஞாயிறு. அதனால நான் அவகிட்ட அடிச்சுச் சொல்லிட்டேன்: "டோர்னமெண்ட் ஜெயிச்சுட்டு வர்றேன். ஜெயிச்ச கையோட, அந்தக் கோப்பையை மேசை மேல வெச்சுட்டு, மாமாகிட்ட இன்னிக்கே பேசறேன்." ஒரு கெத்து வேணும்ல? வெறுங்கையோட போய் எப்படி நிக்கிறது?

அவ என்ன சொன்னா தெரியுங்களா? "தோத்துட்டா?"

தோத்தா... அதை அப்புறம் பாத்துக்கலாம்னேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும், அவ எனக்காக எவ்வளவு ஒழைச்சிருக்கா தெரியுங்களா. ஹர்ஷத் டெக்கு மாதிரி ஒண்ணு இருந்தாத்தானே நான் பழக முடியும்? அந்தக் கார்டுகளுக்கு நாங்க எங்க போறது? இவ என்ன பண்ணுனா, கடை கொட்டேசன் தாளை வெட்டி, பின்பக்கத்துல ஒவ்வொரு கார்டா எழுதி, உறைக்குள்ள சொருகி, நாப்பதும் தயார் பண்ணிட்டா. முன்பக்கம் பாத்தா வாஷ்பேசின் விலை இருக்கும், பின்பக்கம் டிராகன். மாடியில உக்காந்து தினமும் ஆடுவோம். ரெண்டே நாள்ல கத்துக்கிட்டா. மூணாவது நாள்ல இருந்து என்னைத் தோக்கடிக்க ஆரம்பிச்சுட்டா!

எப்படிடீன்னு கேட்டா, "நீங்க ஆறாவது சுத்துல நின்னுடறீங்க"ன்னா. "அஞ்சு சுத்து காத்தா வர்றீங்க. ஆறாவதுல எனக்கு மூணு உயிரோ நாலு உயிரோ இருக்கும். உங்க கையிலயும் கார்டு இருக்கும். அடிச்சா முடிஞ்சுது. அப்போ நெத்தியைத் தேச்சுட்டு, ஒரு வேளை அவன்கிட்ட அது இருந்தா, இது இருந்தான்னு கார்டைப் புடிச்சுக்கிறீங்க. நான் அதுக்காகவே காத்துட்டு இருப்பேன்"ங்கறா. அது நிக்கறது இல்லீங்க. பக்குவம். நாலு வருசம் கல்லாவுல உக்காந்தவனுக்கு அந்த நிதானம் வந்துரும். பொம்பளைகளுக்கு அது புரியாது.

இன்னொரு சண்டையும் உண்டு. என் டெக்குல முப்பத்தெட்டுக் கார்டு அடிக்கறது. கடைசி ரெண்டு இடத்துல மதில் வெச்சிருக்கேன். மதில்னா சும்மா செவுருங்க. அடிக்காது, நகராது. எதிராளி அடிச்சா ஒரு சுத்து தாங்கும். ஒரு பாதுகாப்புக்கு, என்ன தப்பு? சங்கவி தலையில அடிச்சுக்கறா. "பாயற டெக்குல செவுரு எதுக்குங்க? அந்த ரெண்டு கார்டு கைக்கு வந்தா ஒண்ணும் பண்ண முடியாம உக்காந்திருப்பீங்க. எடுத்துட்டு ரெண்டு நாயைப் போடுங்க, இருபது ரூபாய்." கடைசி வாரம் முழுக்க இதே பேச்சு. ஒரு நாள் சாப்பாட்டைப் போட்டுட்டே, "சீட்டுலயாவது செவுரு இல்லாம இருங்களேன்"னா. என்ன அர்த்தத்துல சொன்னாளோ. அவளுக்கு இந்த ஆட்டத்தோட நுணுக்கம் போதாதுங்க, ரெண்டு வாரந்தானே ஆச்சு.

நீங்க எதுக்கு தலையில கை வெச்சுக்கிறீங்க? வலிக்குதா? மரத்துப் போறதுக்குப் போட்ட ஊசி எறங்குதுன்னா வலிக்கத்தான் செய்யும்.

இன்னிக்கு செமி ஃபைனல்லயே பாருங்களேன். ஆறாவது சுத்து. அவனுக்கு ரெண்டு உயிர். என் கையில ஒரு பந்தக்காரன், ஒரு மதில். பந்தக்காரனை எறக்குனா முடிஞ்சுது. ஆனா அவன் முகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சுங்க. அப்படியே எங்க மாமா சிரிப்பு. எனக்குக் கை எழும்பல. மதிலைப் போட்டுட்டு இருந்துட்டேன். ஏழாவதுல அவன் டிராகன் எறங்கி மதிலோட சேர்த்து என்னைப் பாதி எரிச்சுருச்சு. எட்டாவதுல அவன் ஒரு தப்புப் பண்ணுனான், நான் பொழைச்சேன். ஜோயல் மைக்குல "அடிதடி பூபதி ஃபைனல்ல!"ன்னு கத்துனாரு, எல்லாரும் கை தட்டுனாங்க. நான் அதுக்குள்ள ஹெல்மெட்டைத் தேடிட்டு இருந்தேன். ஒரு டீ குடிச்சுட்டு வந்துரலாம்னு தோணுச்சு. பையை எடுத்துட்டு லிஃப்ட்டைப் பாத்து வந்துட்டேன். படியில எறங்கியிருந்தா இந்நேரம்... நேரம், என்ன பண்றது.

சங்கவிகிட்டகூட இன்னும் சொல்லல, ஃபைனல்னு. ஜெயிச்சுட்டே சொல்லிக்கலாம்னு.

சத்தம் கேக்குதுங்க! யாரோ மேல நடக்கறாங்க. அண்ணா! உள்ள ரெண்டு பேரு இருக்கறோம்! இந்தச் சாருக்குப் பல்லு புடுங்கியிருக்குது! மேல மெசினைக் கையால சுத்தித்தான் லிஃப்ட்டை எறக்கணுமாம். சுத்துங்கண்ணா, மெதுவாவே சுத்துங்க, ஒண்ணும் அவசரமில்ல.

என்ன சார் மொறைக்கறீங்க. ஓ, உங்களுக்கு அவசரமா இருக்கும்ல.

வந்துருச்சு, வந்துருச்சு. தலை பாத்து. இது முதல் மாடிதான், நல்ல வேளை. மணி மூணு முப்பத்தி நாலு. பாத்தீங்களா, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. காத்து எவ்வளவு நல்லா இருக்கு! சிக்னலும் வந்துருச்சு. இருங்க, போன் கத்துது. சங்கவிதான்.

படிக்கறேன் கேளுங்க. "ஏங்க, ஃபைனல்னு ஜோயலண்ணன் குரூப்ல போட்டிருந்தாரு, பாத்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஏன் எங்கிட்ட சொல்லல? அப்பாகிட்ட நான் பேசிட்டேன். இப்பத்தான், சாப்பிட்டுட்டு இருந்தாரு, கை கழுவட்டும்னுகூட நான் காத்திருக்கல. சத்தம் போட்டாரு. தட்டைத் தள்ளி விட்டாரு. அப்புறம் அவரே பழையபடி உக்காந்து சாப்பிட்டாரு. செவ்வாய்க்கிழமை ராத்திரி பஸ்சு, ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன். நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் போறேன். வர்றீங்களான்னு மட்டும் சொல்லுங்க. அந்த ரெண்டு மதிலையும் எடுத்துட்டு ஆடுங்க."

மாமா சத்தம் போட்டாரா? எங்க மாமாவா? தட்டைத் தள்ளுனாரா?

அப்புறம் சாப்பிட்டுட்டாருங்களா. அவ்வளவுதானா?

எனக்குக் கோவம் வருதுங்க. பின்ன என்ன? ராத்திரி வரைக்கும் பொறுத்திருந்தா நானே போய் மொறையாப் பேசியிருப்பேன்ல? நாலு வருசம் இருந்தவளுக்கு ராத்திரி வரைக்கும் இருக்க முடியலையா? எதுலயும் அவசரம், எடுத்தேன் கவுத்தேன்னு. அதுவும் மதிலை எடுக்கணுமாம்! காலையிலயே டெக்கு லிஸ்ட்டை எழுதிக் கொடுத்தாச்சு, இனிமே ஒரு கார்டு மாத்துனாலும் வெளிய அனுப்பிருவாங்க. அந்த ரூல்கூட அவளுக்குத் தெரியல. ரூல்னு ஒண்ணு இருக்குதுல்லங்க?

சார், சார், என்ன பண்றீங்க, பஞ்சை ஏன் துப்புறீங்க! ரத்தம் வருது பாருங்க, சட்டையெல்லாம். பேசாதீங்கன்னு சொன்னேன்ல. என்னது? "ஏறுய்யா"வா? மேலயா?

படியிலயா? மூணு மாடிங்களே. முப்பத்தி ஆறுதான் ஆகுது, தெரியுது, தெரியுது. போலாம்ங்க, நான் எங்க போகமாட்டேன்னு சொன்னேன். கையை விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க. நீங்க மொதல்ல போய்ப் புதுப் பஞ்சு வெச்சுக்கங்க. நான் ஒரு நிமிஷத்துல வந்துர்றேன், இந்த வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு.

ஏண்ணா, இந்த லிஃப்ட்டு எப்போண்ணா சரியாகும்? அரை மணி நேரமா? பரவால்லண்ணா. நான் இருக்கேன்.